சில்வர் தேக்சா

புதன்கிழமை காலையிலிருந்தே அமிர்தவள்ளிக்குக் கால் தரையில் பாவவில்லை. பல் தேய்க்கும்போது மிஷின், இட்லி ஊற்றும்போது மிஷின், இட்லி வெந்ததா என்று பார்க்கும்போதும் மிஷின்தான் பேச்சு. அவள் கணவன் ஜீவா ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கிளம்பினான். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமலே சரியான இடத்தில் தலையாட்டும் வித்தை பத்து வருஷக் கல்யாணத்தில் அவனுக்குக் கைவந்திருந்தது.

விஷயம் இதுதான். அமிர்தவள்ளி முப்பத்து மூன்று வயதில் சொந்தமாக ஒரு ஆர்கான் மிஷின் வாங்கப் போகிறாள். பெட்டியின் மேல் டிக் வெல்டிங் என்றுதான் அச்சடித்திருக்கும். ஆனால் ஆர்கான் வாயுவை விட்டு ஒட்டுகிற வேலை என்பதால் பட்டறைக்காரர்கள் வாயில் அது ஆர்கான்தான்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் ஆறு வருஷம் அவள் வேலை பார்த்தாள். தோல் கம்பெனிகளுக்கு எவர்சில்வர் தொட்டியும் பைப்பும் செய்து கொடுக்கும் பட்டறை. வாடிக்கையாளர்கள் வந்து அவள் ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "முதலாளி, உங்க மிஷினு நல்லா ஒட்டுது" என்பார்கள். ஆறு வருஷத்தில் அந்த மிஷினுக்குக் கிடைத்த பாராட்டில் கால்வாசி அவளுக்குக் கிடைத்திருந்தால் இன்னும் அங்கேயே இருந்திருப்பாள். போன மாதம் வேலையை விட்டாள். முதலாளி கோபிக்கவில்லை. சிரித்தார். இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிடுவாய், உன் ஸ்டூலை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றார். அந்தச் சிரிப்புதான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. திரும்பிப் போய் அந்த ஸ்டூலில் உட்காருவதைவிடப் பள்ளிகொண்டா டோல்கேட்டில் வெள்ளரிக்காய் விற்கலாம் என்று ஜீவாவிடம் சொல்லியிருந்தாள்.

உட்காராமல் இருக்க ஒரு வழி வந்திருந்தது. ஆம்பூரில் கல்யாணங்களுக்குப் பிரியாணி சமைத்துக் கொடுக்கும் இஷ்தியாக் அகமதுவிடம் பன்னிரண்டு தேக்சாக்கள் விரிசல் விட்டுக் கிடந்தன. தேக்சா என்றால் வீட்டுக் குண்டான் அல்ல. நூறு பேருக்கான பிரியாணியை ஒரே பாத்திரத்தில் தம் போடுகிற உருப்படி. ஞாயிற்றுக்கிழமை பெரிய கல்யாணம். ஒன்றை ஒட்டிக் காட்டு, நின்றால் பன்னிரண்டும் உனக்கு, அதற்கப்புறம் ஆம்பூரில் எனக்குத் தெரிந்த அத்தனை சமையல் மாஸ்டர்களின் வேலையும் உனக்கு என்று போனில் சொல்லிவிட்டார். போட்டோவும் அனுப்பினார். கரி பிடித்த அடிப்பாகம்தான் அதில் தெரிந்தது.

"இன்னா மெட்டல் பாய்?" என்று அமிர்தவள்ளி கேட்டாள்.

"சில்வரு மா. சுத்தமான சில்வரு."

அவளும் சும்மா விடுகிறவள் இல்லை. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னாள். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்துப் போய் வைத்துப் பார்த்துவிட்டு, ஒட்டவில்லை என்றார் அவர். நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. எவர்சில்வரைச் சில்வர் என்று சுருக்கிச் சொல்வதைப் பிறந்ததிலிருந்து கேட்டவள் அவள். முதல் தர சரக்கு என்று முடிவு கட்டி, துள்ளிக் குதிக்காத குறையாகப் போனை வைத்தாள்.

வேலூரில் ஆரோக்கியசாமியின் வெல்டிங் மிஷின் கடைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. தரையில் மூன்று மிஷின்கள் வரிசையாக இருந்தன. முதலாவது விலை கம்மி. ஆனால் ஒவ்வொரு தடவையும் இரும்பில் உரசித்தான் பற்ற வைக்க வேண்டும். உரசினால் முனை கெடும். அதை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டாவது டிசி மிஷின், இருநூறு ஆம்ப்ஸ். ஒன்பது கிலோ, தோளில் மாட்டிக்கொள்ள வார் உண்டு, பட்டனை அழுத்தினால் தானே பற்றிக்கொள்ளும். மூன்றாவது ஏசி, டிசி இரண்டும் ஓடும் மிஷின். இருபத்திரண்டு கிலோ. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அவள் கண் மூன்றாவதின் மேல்தான் போய் நின்றது. அதற்குக் காரணம் உண்டு. ஏசி கரண்ட்டில்தான் அலுமினியத்தை ஒட்ட முடியும். பழைய பட்டறையில் அப்படி ஒரு மிஷின் இருந்தது. அதை முதலாளி தவிர யாரும் தொடக்கூடாது. அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற அரைமணி நேரத்தில், ஒன்றரை வருஷம், குப்பையில் கிடந்த அலுமினியத் துண்டுகளை எடுத்து அமிர்தவள்ளி ஒட்டிப் பழகினாள். எவர்சில்வர் அவளுக்குச் சோறு போட்டது. ஆனால் ஆசையெல்லாம் அலுமினியத்தின் மேல்தான். அது பளிச்சென்று உருகி நிற்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பல நாள் சாப்பாட்டையே விட்டிருக்கிறாள்.

கடைக்காரர்களுக்கு வாடிக்கையாளரின் கண் எங்கே போகிறது என்பது தெரியும். ஆரோக்கியசாமி மூன்றாவது மிஷினைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு அலுமினிய வேலை வரும், இதையே எடுத்துக்கொள் என்றார். அமிர்தவள்ளி மனசை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஆசையைப் பார்த்தா மிஷின் வாங்குவது, வேலையைப் பார்த்துத்தானே வாங்க வேண்டும்.

"எனக்கு வந்துருக்கறது சில்வர் வேலைண்ணா. அதுக்கு எதுக்கு ஏசி?"

"சில்வர்னா டிசியே போதும்தான்" என்று அவர் ஒப்புக்கொண்டார். நியாயமான மனுஷன். வேலூரிலும் சில்வர் என்றால் எவர்சில்வர்தானே.

அப்புறம் இரண்டாவது மிஷினை அவள் சும்மா வாங்கிவிடவில்லை. நூற்றறுபது ஆம்ப்ஸில் பத்து நிமிஷத்துக்கு எத்தனை நிமிஷம் தாங்கும் என்று கேட்டாள். சாயங்காலமானால் எங்கள் தெருவில் கரண்ட் நூற்றெண்பது வோல்ட்டுக்கு இறங்கிவிடும், அப்போது அணைந்துபோகுமா என்று கேட்டாள். கல்யாண மண்டபத்துக்குப் போனால் பிளக் ஒரு மூலையிலும் வேலை ஒரு மூலையிலும் இருக்கும் என்று சொல்லி, முப்பது மீட்டர் ஒயரைக் கடை வாசல் வரை இழுத்துப்போட்டு ஓட்டிக் காட்டச் சொன்னாள். ஆரோக்கியசாமிக்கு வியர்த்துவிட்டது. எல்லாம் பார்த்து, பேசி, வார்ப்பட்டைக்கும் பேரம் பேசித்தான் பணத்தை எடுத்தாள். ஆசை காட்டி ஏமாற்றப் பார்த்தவரிடம் ஏமாறாமல் வந்துவிட்டோம் என்ற பெருமையில் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. மடியிலிருந்த மிஷினையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் வீட்டுக் கொல்லையில் எவர்சில்வர் தகடு இரண்டை ஒட்டிப் பார்த்தாள். ஒட்டிய இடம் பொன்னும் ஊதாவுமாக வந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து வந்து பார்த்தார்கள். ஜீவாவும் இந்தத் தடவை விஷயம் தெரிந்தே தலையாட்டினான்.

மறுநாள் வியாழக்கிழமை. லோடு ஆட்டோவில் வாயு சிலிண்டரை ஏற்றிக்கொண்டு ஆம்பூர் போனாள். மிஷினை மட்டும் ஆட்டோவில் வைக்காமல் தோளிலேயே மாட்டிக்கொண்டாள். இஷ்தியாக் அகமது வீட்டின் பின்கட்டில் தேக்சாக்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவரும் அவர் மனைவி முனவ்வர் பேகமும் நின்றார்கள். அறுபதை நெருங்கும் மனிதர். பிரியாணிக்கு வருவதற்கு முன்னால் தோல் மண்டி வைத்திருந்தவர்.

அமிர்தவள்ளி ஒரு தேக்சாவை நிமிர்த்தப் போனாள். இந்த அளவு எவர்சில்வர் என்றால் என்ன கனம் கனக்கும் என்று அவளுக்குத் தெரியும். காலை அகட்டி ஊன்றி, மூச்சைப் பிடித்து, இரண்டு கையாலும் ஒரே இழுப்பாக இழுத்தாள். தேக்சா துணிமூட்டை போல வந்துவிட்டது. இழுத்த வேகத்தில் அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள், மடியில் தேக்சாவோடு.

முனவ்வர் பேகம் ஓடிவந்து தூக்கப் பார்த்தாள். அமிர்தவள்ளி எழவில்லை. தேக்சாவின் ஓரத்தில் சாவியால் ஒரு கீறு கீறினாள். வெளுப்பாக, மெத்தென்று கீறல் விழுந்தது.

"பாய், இது அலுமினியம்."

"ஆமா மா. சில்வரு."

"சில்வர்னா எவர்சில்வர் இல்லியா?"

"அது ஸ்டீலு" என்றார் இஷ்தியாக் அகமது, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

முனவ்வர் பேகம் உள்ளே போய் ஒரு டம்ளரைக் கொண்டுவந்தாள். டம்ளரைத் தட்டி ஸ்டீல் என்றாள். தேக்சாவைத் தட்டி சில்வர் என்றாள். பலமனேரில் இருக்கும் தன் அம்மா வீட்டிலும் இப்படித்தான் சொல்வார்கள், வேறு எப்படிச் சொல்வது என்று நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது என்பது அப்போதுதான் அமிர்தவள்ளிக்கு உறைத்தது. காந்தம் பொய் சொல்லவில்லை. அவள்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

சுவரோரம் இரண்டு தேக்சாக்கள் தனியாகக் கிடந்தன. விரிசல் இருந்த இடத்தில் கை நுழையும் அளவுக்குக் கருகிய ஓட்டை. அவளுக்கு முன்னால் வந்த இரண்டு பேர், முடியும் முடியும் என்று சொல்லிப் பற்ற வைத்த வேலை அது. அவளும் பற்ற வைக்கலாம். வாயு சரியில்லை, கரண்ட் சரியில்லை என்று ஏதாவது சொல்லிக்கொண்டு போகலாம். காதுக்குள் பழைய முதலாளியின் சிரிப்பு கேட்டது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"இந்த மிஷின்ல இது ஒட்டாது பாய். பத்த வெச்சா அதோ அந்த மாதிரிதான் ஆவும்."

இஷ்தியாக் அகமது ஏன் என்று கேட்டார். திட்டவில்லை, கேட்டார்.

"அலுமினியத்துக்கு மேல கண்ணுக்குத் தெரியாம ஒரு தோலு இருக்குது. அது லேசுல உருகாது. தோலு உரியறதுக்குள்ள உள்ள இருக்கறது உருகி ஊத்திடும். நீங்க தோல் மண்டி வெச்சிருந்தீங்க. சுண்ணாம்புல போட்டு முடிய எடுக்காம நேரா பதப்படுத்த முடியுமா? ஏசி கரண்ட்டுதான் இதுக்குச் சுண்ணாம்பு. இதுல ஏசி இல்ல."

அவர் தாடியை நீவினார். முன்னால் வந்த இரண்டு பேரும் இதைச் சொல்லவில்லையே என்றார். அப்புறம், "ஏசி மிஷினு உங்கிட்ட இருக்குதா?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலைல இருக்கும்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. ஆசைப்பட்ட மிஷினை வாங்கியே தீர வேண்டும் என்று ஆகிவிட்டதே. தலையில் இடி விழுந்திருக்கும் நேரத்தில் இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் சந்தோஷம் நிற்கவில்லை.

நாளைக்கு ஜும்மா தொழுகைக்குக் கிளம்புவதற்குள் ஒன்றையாவது ஒட்டிக் காட்டு என்றார் இஷ்தியாக் அகமது. முடியாவிட்டால் வாணியம்பாடிக்கு அனுப்பிவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை சோறு வெந்தாக வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான்.

ஆரோக்கியசாமி மதியச் சாப்பாட்டைப் பிரித்து வைத்திருந்தார். தோளில் மிஷினோடு வந்து நின்றவளைப் பார்த்ததும், ரிப்பேரா என்று கேட்டார். அவள் சில்வர் கதையைச் சொன்னாள். பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழுவதையும் கேட்டபோது டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். நேற்று நானும்தானே போதும் என்று சொன்னேன் என்று கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளையாக, ஏலகிரியில் ஒரு ஆள் அதே டிசி மிஷினை மறுநாளைக்குக் கேட்டிருந்தார். ஒருநாள் ஓடியதற்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொண்டார். மேற்கொண்டு ஆன தொகைக்கு, கொல்லையில் கொட்டகை போட்டுத் தகரம் வேய வைத்திருந்த பணம் போயிற்று. வெயிலிலேயே வேலை செய்துகொள்ளலாம் என்று அமிர்தவள்ளி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம்கூட அவளுக்குத் தேவைப்படவில்லை. கை இரண்டும் ஏற்கெனவே மூன்றாவது மிஷினின் பிடியில் இருந்தன.

இருபத்திரண்டு கிலோவுக்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். அதைக்கூடச் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் ஜீவா வீட்டுக்கு வந்தபோது கொல்லையில் சாதம் வடிக்கிற அலுமினியக் குண்டான் நான்கு துண்டாகக் கிடந்தது. அறுத்ததும் அவள்தான், மறுபடி ஒட்டிக்கொண்டிருந்ததும் அவள்தான். முதல் இரண்டு வரி கோணல். மூன்றாவது வரி நேராக விழுந்தது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அவன் கேட்கவில்லை. கடையில் பரோட்டா வாங்கி வந்தான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் ஆம்பூர் பின்கட்டில் மிஷினை இறக்கினாள். சின்ன விரிசலாகப் பார்த்து ஒரு தேக்சாவை எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முகமூடியை இறக்கி, பட்டனை அழுத்தினாள். ஏசி கரண்ட்டின் அந்த உறுமல் கேட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் பளிச்சென்று உருகி நிற்க வேண்டிய இடம் நிற்கவில்லை. கறுப்புக் கறுப்பாகப் பொரிந்து, குமிழி விட்டு, கரி கக்கியது. இரண்டு அங்குலம் பொறுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

இஷ்தியாக் அகமது கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மிஷின் சரி, கை சரி, அப்புறம் எது சரியில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தாள். பிரியாணி வாசனை. பத்து வருஷத்து எண்ணெயும் நெய்யும் கொழுப்பும் அந்த விரிசலுக்குள் ஊறிப் போயிருந்தது. பிரஷ் தேய்த்தால் மேலே இருப்பது போகும், உள்ளே இருப்பது எப்படிப் போகும். நேற்று அறுத்த குண்டானில் வெறும் சாதம்தானே வெந்தது.

"அக்கா, இதுக்குள்ள எண்ணெ குடிச்சிக்கினு இருக்குது. எடுக்கணும்."

முனவ்வர் பேகத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பாத்திரத்திலிருந்து எண்ணெய் எடுப்பது அவள் வேலை. விறகடுப்பை மூட்டி, வெறும் தேக்சாவை அதன் மேல் சாய்த்து வைத்து, விரிசல் இருக்கும் பக்கத்தை மட்டும் தணலில் காட்டினாள். சற்று நேரத்தில் விரிசலிலிருந்து பழுப்பாகக் கசிந்தது. துடைத்தாள். மறுபடி காட்டினாள், மறுபடி கசிந்தது. நாலாவது தடவை துணி சுத்தமாக வந்தது. சூடு இன்னும் ஏறினால் பாத்திரம் தொய்ந்துவிடும் என்று எப்போது இறக்குவதென்பதையும் அவளே சொன்னாள். அமிர்தவள்ளி விரிசலை மறுபடி பிரஷ்ஷால் பளபளப்பாகத் தேய்த்து, ஆறுவதற்குள் உட்கார்ந்துவிட்டாள். தன்னிடமிருந்த இன்னொரு முகமூடியை முனவ்வர் பேகத்திடம் கொடுத்தாள். வேலையில் பாதி அவளுடையது, பார்க்காமல் எப்படி.

பட்டனை அழுத்தினாள். தோல் உரிந்தது. அடியில் வெள்ளையாக ஒரு வட்டம் தோன்றி, மினுங்கி, அசையாமல் நின்றது. அலுமினியக் கம்பியை ஒரு சொட்டு காட்டினாள். குடித்துக்கொண்டது. கையை ஒரு நூல் நகர்த்தி இன்னொரு சொட்டு காட்டினாள்.

"நெய் உருகற மாதிரியே இருக்குது" என்றாள் முனவ்வர் பேகம், முகமூடிக்குள்ளிருந்து.

விரிசலின் கடைசி வரை போய்க் கையை எடுத்தபோது மணி பன்னிரண்டரை. இஷ்தியாக் அகமது குளித்து, வெள்ளை உடுத்தித் தயாராக இருந்தார். ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்க்கவில்லை. தரையில் இரண்டு செங்கல் வைத்து, நடுவில் ஒரு உருது செய்தித்தாளை விரித்து, செங்கல் மேல் தேக்சாவை ஏற்றி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினார். தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன் என்று கிளம்பினார்.

அந்த ஒரு மணி நேரம் அமிர்தவள்ளி உட்காரவே இல்லை. முனவ்வர் பேகம் கொடுத்த டீயை நின்றுகொண்டே குடித்தாள். மிஷினைத் துடைத்தாள். ஒயரைச் சுற்றினாள், பிரித்து மறுபடி சுற்றினாள். குனிந்து பார்க்க ஆசைதான். ஆனால் பார்க்கிற நேரத்தில் ஒரு சொட்டு விழுந்தால் தாங்க முடியாது என்று அந்தப் பக்கம் முகத்தையே திருப்பவில்லை.

இஷ்தியாக் அகமது தனியாக வரவில்லை. பள்ளிவாசலிலிருந்து இன்னும் மூன்று சமையல் மாஸ்டர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தேக்சாவின் அடியில் கையை விட்டுச் செய்தித்தாளை உருவினார். வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு எழுத்துகூடக் கலையவில்லை. காகிதம் மொடமொடவென்று இருந்தது. அதை மடித்து முனவ்வர் பேகத்திடம் கொடுத்துவிட்டு, இரண்டாவது தேக்சாவைத் தானே உருட்டிக்கொண்டு வந்து அமிர்தவள்ளியின் முன்னால் நிறுத்தினார். மற்றவர்கள் ஒட்டிய இடத்தை ஒவ்வொருவராக விரலால் தடவிப் பார்த்தார்கள். அதில் ஒருவர், அப்துல் ஹமீத் என்பவர், தன்னிடமும் எட்டு கிடக்கிறது என்றார். அப்புறம் அவருடைய பார்வை மிஷின் பக்கம் போனது.

"நல்லா ஒட்டுதே. மிஷினு யாருது மா?"

"என்னுது" என்றாள் அமிர்தவள்ளி.

சொல்லிவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டாள். உள்ளே, யாரும் கேட்காமலே, இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தாள்.